லாரி மோதி அடிபட்டவங்க நஷ்டஈடு கேட்க என்னென்ன பண்ணணும்

லாரி மோதி ஒருத்தர் அடிபட்டா அவர் வீட்டு ஆளுங்க எல்லாரும் ஐ.சி.யு வாசல்லயே நிப்பாங்க, ரத்தம் வேணும், ஸ்கேன் எடுக்கணும், பணம் கட்டணும்னு ஓடிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துலயே லாரி ஓனர் தரப்பு ஆளு ஸ்டேஷனுக்குப் போய் பேசிட்டு இருப்பாரு, கொஞ்ச நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட இன்வெஸ்டிகேட்டரும் ஸ்பாட்டுக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாரு. நம்ம பக்கத்துல மட்டும் ஒரு பேப்பரும் ரெடியா இருக்காது. ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல கேஸ் நடக்கும்போது ஜெயிக்க வைக்கிறதும் தோக்க வைக்கிறதும் பெரும்பாலும் அந்த முதல் பத்து பதினைஞ்சு நாள்ல எழுதின பேப்பர்தான். விபத்து கேஸ் பார்க்குற வக்கீல் ஆபீஸ்ல வேலை செஞ்சு இதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால, தமிழ்நாட்டு நடைமுறைய வச்சு விவரமா எழுதுறேன். ஷேர் பண்ணி வைங்க, யாருக்கு எப்ப தேவைப்படும்னு தெரியாது.

முதல்ல உயிர். 108ஐ கூப்பிடுங்க. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைய அந்தத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல, பிரைவேட்டா இருந்தாலும், குறிப்பிட்ட வரம்பு வரைக்கும் இலவசமா பண்ணுவாங்க, வெளி மாநிலத்துக்காரங்களா இருந்தாலும் பண்ணுவாங்க. மத்திய அரசும் 2025 மே மாசம் ஒரு கேஷ்லெஸ் திட்டம் கொண்டு வந்துச்சு, விபத்து நடந்த நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் ஒருத்தருக்கு 1.5 லட்சம் ரூபா வரை. அட்மிஷன் கவுன்ட்டர்ல "முன்பணம் கட்டுங்க"ன்னு சொன்னா இந்த ரெண்டு திட்டத்தையும் பேர் சொல்லிக் கேளுங்க, கேட்காம அவங்களா சொல்லுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவர் யாரா இருந்தாலும் அவரை போலீஸோ ஆஸ்பத்திரியோ பிடிச்சு வைக்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுல அந்தப் பாதுகாப்பு இருக்கு.

அடுத்து ஏ.ஆர். அதாவது ஆஸ்பத்திரியில எழுதுற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். இதைப் பத்தி யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்க, எனக்குத் தெரிஞ்சு நல்ல கேஸ்கள் நிறைய கெட்டுப் போனது இந்த ஒரு பக்கத்துலதான். கேஷுவால்டியில டூட்டி டாக்டர் அவசரமா "என்னாச்சு?"ன்னு கேப்பாரு, கூட வந்தவர் பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்"னு சொல்லுவாரு, டாக்டரும் பைக்ல இருந்து கீழே விழுந்ததா எழுதிட்டு அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கப் போயிடுவாரு. லாரிங்கிற வார்த்தையே அதுல இருக்காது. ரெண்டு வருஷம் கழிச்சு இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில அந்த ஒரு வரியைக் காட்டி, "நீங்களா சறுக்கி விழுந்துட்டு அப்புறமா லாரியைச் சேர்த்திருக்கீங்க"ம்பாரு. அதனால கூட இருக்கிறவங்க தெளிவா சொல்லணும்: எத்தனை மணிக்கு, எந்த ரோட்ல, எந்த இடத்துக்குப் பக்கத்துல, இன்ன நம்பர் லாரி மோதுச்சு, நம்பர் தெரியலன்னா லாரி மோதுச்சுன்னாவது சொல்லணும். முதல்ல ஒரு சின்ன கிளினிக்ல முதலுதவி பண்ணிட்டு அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி எழுதியிருக்கான்னு பாருங்க. தப்பா எழுதியிருந்தா உடனே டாக்டர்கிட்ட எழுத்துல கொடுத்துப் பேசுங்க, நீங்களே அடிச்சுத் திருத்துற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது கேஸையே முடிச்சிரும்.

ஸ்டேஷன் விஷயத்துக்கு வருவோம். சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகார் வந்துச்சுன்னு மட்டும் கொடுக்கிற ரசீது, அதை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, எஃப்.ஐ.ஆர் போட்டாகணும். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்த விபத்துன்னா பாரதிய நியாய சன்ஹிதாவுல 281, 125 பிரிவுகள் வரும், உயிர் போயிருந்தா 106. எஃப்.ஐ.ஆர் காப்பி புகார் கொடுத்தவருக்கு இலவசம், தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல இருந்தும் எடுத்துக்கலாம். புகார்ல என்ன எழுதணும்னா, நம்ம ஆளு எந்தத் திசையில போனாரு, ரோட்டுல எந்தப் பக்கம் போனாரு, லாரி எங்க இருந்து வந்துச்சு, எப்படி வந்து மோதுச்சு, லாரி நம்பர், பார்த்தவங்க யாரு. "பின்னால வந்த லாரி அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் ஓட்டி வந்து மோதியது"ன்னு மட்டும் எல்லா எஃப்.ஐ.ஆர்லயும் ஒரே மாதிரி இருக்கும், அது போதாது. ஒண்ணும் எழுதாத வெள்ளைப் பேப்பர்ல "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க, நாங்க எழுதிக்கிறோம்"னு சொன்னா போடாதீங்க.

நின்னுட்டு இருந்த லாரியில பின்னாடி போய் மோதின கேஸ் தனி. ஹைவேஸ்ல ராத்திரி டீ குடிக்கவோ டயர் மாத்தவோ லாரியை ரோட்டு மேலயே பாதி நிறுத்தியிருப்பாங்க, பார்க்கிங் லைட் இருக்காது, பின்னாடி ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சேறு படிஞ்சு தெரியாது, முக்கோண போர்டு வச்சிருக்க மாட்டாங்க, அதுல பைக் போய் சொருகும். போலீஸ் என்ன பண்ணும்னா "கவனக்குறைவா வந்து நின்ற லாரியில் மோதினார்"னு அடிபட்டவர் மேலயே எஃப்.ஐ.ஆர் போடும். வீட்டு ஆளுங்களும் "நம்ம மேலதான் தப்பாம், ஒண்ணும் கிடைக்காதாம்"னு விட்டுடுறாங்க. விடாதீங்க. இண்டிகேட்டர் போடாம, எச்சரிக்கை வைக்காம ரோட்டுல நிறுத்தின வண்டிக்குத்தான் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2018லயும் 2024லயும் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா அந்த லாரியில லைட் எரியலங்கிறதை நீங்கதான் காட்டணும், அதனால அந்த ராத்திரியே யாராவது ஒரு சொந்தக்காரரை அனுப்பி லாரியோட பின்பக்கம், ரிஃப்ளெக்டர், டயர் நிக்கிற இடம் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளயா வெளியயா, தெருவிளக்கு இருக்கா, எல்லாத்தையும் போட்டோவும் வீடியோவும் எடுக்கச் சொல்லுங்க. விடிஞ்சா லாரி ஸ்டேஷன் வாசல்ல நிக்கும், அப்புறம் எடுத்து பிரயோஜனம் இல்ல.

பக்கத்துல பெட்ரோல் பங்க், டோல்கேட், கடை இருந்தா சி.சி.டி.வி கேளுங்க. பல கேமராவுல கொஞ்ச நாள்ல பழைய பதிவு தானா அழிஞ்சிடும். தரமாட்டேன்னா, "இன்ன தேதி, இன்ன நேரத்துப் பதிவைப் பாதுகாக்கணும்"னு இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து அதுல சீல் போட்ட காப்பி வாங்கி வைங்க. லோடு அதிகமா இருந்துச்சுன்னு சந்தேகம்னா எடைமேடை ரசீதும் இ-வே பில்லும் (சரக்கு கொண்டு போறதுக்கான ஆன்லைன் பில்) முக்கியம், அதையும் அதே மனுவுல கேட்டு எழுதிடுங்க.

லாரி நம்பர் கிடைச்சா பரிவாகன் ஆப்ல போட்டு இன்சூரன்ஸ், எஃப்.சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குங்கிற சர்டிபிகேட்), பர்மிட் எல்லாம் எது வரைக்கும் இருக்குன்னு பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஏன்னா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கை வைக்கிறதே இங்கதான்: டிரைவருக்கு ஹெவி லைசென்ஸ் இல்ல, எஃப்.சி முடிஞ்சிருச்சு, பர்மிட் இல்ல, அதனால நாங்க பணம் தர மாட்டோம்னு. இதைக் கேட்டு பயப்பட வேண்டாம், ரோட்டுல போன மூணாவது மனுஷனுக்கு முதல்ல கம்பெனி கொடுத்துட்டு அப்புறம் லாரி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு இந்த மாதிரி கேஸ்கள்ல உத்தரவு போடுறது வழக்கம், அதுக்கு பே அண்ட் ரெக்கவரின்னு பேரு. சின்ன யானை மாதிரி வண்டிக்கு எல்.எம்.வி லைசென்ஸ், அதாவது இலகுரக வண்டி லைசென்ஸ், போதுமாங்கிற சண்டையையும் 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு முடிச்சு வச்சிருச்சு, மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்கு எல்.எம்.வி லைசென்ஸே போதும். உண்மையிலேயே சிக்கல் எப்பன்னா லாரிக்கு இன்சூரன்ஸே இல்லாதப்ப. அப்ப ஓனரைத்தான் பிடிக்கணும், ஸ்டேஷன்ல இருக்கிற லாரியை செக்யூரிட்டி (பணமாவோ சொத்தாவோ ஈடு) வாங்காம ரிலீஸ் பண்ணக்கூடாதுன்னு உங்க வக்கீல் உடனே மனு போடணும், லாரி வெளிய போயிடுச்சுன்னா அப்புறம் ஓனரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

லாரிக்குள்ள இருந்தவங்களுக்கு சட்டம் வேற. கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ டாடா ஏஸ்லயும் லாரியிலயும் ஊரையே ஏத்திட்டுப் போறாங்க இல்லையா, கவிழ்ந்தா அவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2003லயே சொல்லிருச்சு, சரக்கு வண்டியில பயணிக்கு கவர் கிடையாது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவரோட ஆளோ சரக்கு கூடவே போனா கவர் உண்டு. லோடுமேன், கிளீனர், டிரைவர் இவங்க ஓனர்கிட்ட வேலை பார்க்கிறவங்க, அவங்களுக்கு 1923ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்துச்சு, 2025 நவம்பர்ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்திருக்கு. நாமக்கல், சங்ககிரி பக்கத்து டிரைவர் குடும்பங்கள் இதைக் கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா டிரைவர் மேலயே தப்புன்னு எஃப்.ஐ.ஆர் இருந்தாலும் அந்தச் சட்டத்துல யார் தப்புன்னு பார்க்க மாட்டாங்க, வேலை நேரத்துல அடிபட்டாரான்னுதான் பார்ப்பாங்க. தொழிலாளர் துறையில அதுக்கான அதிகாரி முன்னாடி 2 வருஷத்துக்குள்ள போடணும். அங்க கணக்குக்கு எடுக்கிற மாச சம்பளத்துக்கு 15,000 ரூபான்னு உச்சவரம்பு இருக்கு, அதனால வேற வண்டி மேல தப்பு இருந்தா விபத்து தீர்ப்பாயத்துல போடுறதுதான் லாபம். ரெண்டுல ஒண்ணுதான், ரெண்டு இடத்துலயும் வாங்க முடியாது.

மோதின லாரி எதுன்னே தெரியலன்னா ஹிட் அண்ட் ரன் திட்டம். 2022 ஏப்ரல்ல இருந்து இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. கோர்ட்டுக்குப் போக வேண்டாம், ஆர்.டி.ஓன்னு சொல்ற வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு கொடுத்தா விசாரிச்சு கலெக்டருக்கு அனுப்புவாங்க. தொகை கம்மிதான், ஆனா இதுவே தெரியாம எத்தனையோ பேர் விட்டுடுறாங்க.

இப்ப மெயின் கேஸ், எம்.சி.ஓ.பி. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவுல விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல போடுற மனு. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கிற ஊர் கோர்ட்லயே போடலாம், அதனால சித்தூர்லயோ ஓசூர் தாண்டியோ அடிபட்டாலும் அங்க அலைய வேண்டாம். டைம் 6 மாசம். 2022 ஏப்ரல்ல இருந்து இந்தக் கெடு திரும்ப வந்திருக்கு. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் இருக்கு, 6 மாசம் தாண்டிருச்சுன்னு மனுவைத் தள்ளுபடி பண்ணாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்துச்சு, அதனால ஏற்கனவே லேட் ஆனவங்க ஆசையை விட வேண்டாம், ஆனா இப்ப அடிபட்டவங்க அதை நம்பி லேட் பண்ணவும் வேண்டாம். போலீஸுக்கும் கெடு உண்டு, முதல் விபத்து அறிக்கைய 48 மணி நேரத்துக்குள்ள தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும், விரிவான அறிக்கைய 90 நாளுக்குள்ள அனுப்பணும். உங்க கேஸ்ல அனுப்பிட்டாங்களான்னு தீர்ப்பாயத்துல விசாரிங்க, அந்த அறிக்கையவே மனுவா எடுத்துக்கவும் சட்டத்துல இடம் இருக்கு.

எவ்வளவு கிடைக்கும்னுதான் எல்லாரும் கேப்பீங்க, ஒரு கணக்கு போட்டே காட்டுறேன். கொத்தனார் ஒருத்தர், வயசு 32, மாசம் 15,000 வருமானம்னு கோர்ட் ஏத்துக்குதுன்னு வைங்க. சொந்தமா உழைக்கிறவர், 40 வயசுக்குக் கீழ, அதனால எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டணும், இது 2017ல சுப்ரீம் கோர்ட்டோட பிரணய் சேத்தி தீர்ப்புல வந்தது. 15,000 ஆகுது 21,000. வருஷத்துக்கு 2,52,000. சரளா வர்மா தீர்ப்புப்படி 31ல இருந்து 35 வயசுக்கு பெருக்கல் எண் 16, ஆக 40,32,000. அவரோட சம்பாதிக்கிற சக்தி 40 சதவீதம் போச்சுன்னு கோர்ட் முடிவு பண்ணா 16,12,800 ரூபா. இது ஒரு தலைப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரி செலவு, இனிமேல் பிளேட் எடுக்கிற ஆபரேஷன் செலவு, கூட இருந்து பார்த்துக்கிட்டவருக்கு, போக்குவரத்து, சத்தான சாப்பாடு, வலி வேதனை, படுத்திருந்த மாசங்களோட சம்பளம் எல்லாம் தனித்தனியா வரும்.

அந்த 40ங்கிற எண்ணுலதான் எல்லாமே இருக்கு. மெடிக்கல் போர்டு "வலது கால் 30 சதவீதம்"னு கொடுத்தா அது காலோட சதவீதமா முழு உடம்போட சதவீதமான்னு பார்க்கணும், அதுக்கும் மேல அந்த ஊனம் இவரோட வேலைய எவ்வளவு கெடுக்குதுன்னு தனியா பார்க்கணும்னு 2010ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு சொல்லுது. இடது கை போன தச்சருக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட முழு பிழைப்பும் போச்சு, அதே கை போன அரசு கிளார்க்குக்கு வேலை போகாம இருக்கலாம், இது அந்தத் தீர்ப்புலயே இருக்கிற உதாரணம். அதனால நம்ம கொத்தனார் சாட்சிக் கூண்டுல ஏறி "கால் வலிக்குது சார்"னு மட்டும் சொன்னா போதாது. சாரத்துல ஏற முடியல, குத்த வச்சு உட்கார்ந்து தரை போட முடியல, சிமென்ட் சட்டி தூக்கிட்டு மாடிப்படி ஏறினா முட்டி மடங்கிருது, மேஸ்திரி இப்ப வேலைக்குக் கூப்பிடுறதே இல்லன்னு வேலையோட சேர்த்துச் சொல்லணும். முடிஞ்சா அந்த மேஸ்திரியவே சாட்சியா கொண்டு வாங்க, வருமானத்துக்கும் அவரே சாட்சி ஆயிடுவாரு. சம்பள சிலிப் இல்லாதவங்களுக்கு நலவாரிய அட்டை, பாஸ்புக், ஜிபே வரவு எல்லாமே உதவும். ஆஸ்பத்திரி பில் எல்லாம் ஒரிஜினலா பத்திரமா இருக்கணும், மருந்துக்கடை பில்லோட சேர்த்து டாக்டர் சீட்டும் இருக்கணும். மெடிக்கல் கடை பில் வெயில் பட்டா எழுத்து மறைஞ்சிரும், உடனே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோட பின் பண்ணி வைங்க.

ஹெல்மெட் போடல, மூணு பேர் போனாங்கன்னு சொல்லி கொஞ்சம் சதவீதம் குறைப்பாங்க, ஆனா அதுக்காக கேஸே இல்லன்னு ஆகாது. அதே மாதிரி கிரிமினல் கேஸ்ல டிரைவர் விடுதலை ஆயிட்டாலும் நஷ்டஈடு கேஸ் தானா விழாது, இங்க அவ்வளவு கறாரான ஆதாரம் கேக்க மாட்டாங்க.

வக்கீல் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. ஜி.எச் வார்டுலயே வந்து "நான் பார்த்துக்கிறேன், செலவு எல்லாம் நான் பண்றேன், வர்றதுல பாதி"ன்னு பேசுற புரோக்கர்கள் இருக்காங்க. வர்ற தொகையில பங்குன்னு பேசுறது பார் கவுன்சில் விதிப்படி தப்பு, ஃபீஸ் இவ்வளவுன்னு முன்னாடியே பேசி எழுதி வாங்கிக்கங்க. வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க, ஆனா வெறும் செக், வெறும் பாண்டு பேப்பர், பேங்க் வித்ட்ராயல் ஸ்லிப் இதுல எதுலயும் போடாதீங்க, புது பேங்க் அக்கவுன்ட் ஆரம்பிச்சு பாஸ்புக்கையும் ஏ.டி.எம் கார்டையும் அவங்களே வச்சுக்கிறேன்னு சொன்னா அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க. கேஸ் நம்பர் வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்ல நீங்களே வாய்தா பாருங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பெண்கள், குழந்தைகள், எஸ்.சி எஸ்.டி, மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போன் நம்பர் 15100.

நடுவுல சமரசம் பேச வருவாங்க. லாரி ஓனர் கொஞ்சம் பணம் கொடுத்துட்டு "கேஸ் வேண்டாம்"னு எழுதி வாங்கப் பார்ப்பாரு, அதுக்கு ஒத்துக்காதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்துல இருந்து 164ஆம் பிரிவுல பலத்த காயத்துக்கு 2.5 லட்சம்னு ஆஃபர் வரலாம், யார் தப்புன்னு பார்க்காம கொடுக்கிற தொகை அது, ஆனா அதை வாங்கிட்டா 166 மனு செத்துரும். சின்ன ஊனம், சாட்சி பலவீனம்னா வாங்கலாம். மேல கணக்குப் பார்த்த கொத்தனார் மாதிரி ஆளு வாங்கவே கூடாது. லோக் அதாலத் நல்ல வழிதான், பணம் சீக்கிரம் வரும், ஆனா அங்க கையெழுத்துப் போட்டா அப்பீல் கிடையாது, அதனால மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வராம அங்க உட்காராதீங்க, ஆபரேஷன் பாக்கி இருக்கிறவங்க கண்டிப்பா உட்காராதீங்க.

தீர்ப்பு வந்தா தொகைக்கு மனு போட்ட தேதியில இருந்து வட்டி சேரும், நம்ம ஊர்ல பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுறாங்க. பணம் நேரா உங்க அக்கவுன்ட்டுக்கே போகணும்னு 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதனால சாட்சி சொல்லும்போதே உங்க ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் கோர்ட்ல தாக்கல் ஆயிருக்கான்னு பாருங்க. தொகை கம்மின்னு தோணினா 90 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல சி.எம்.ஏ, அதாவது அப்பீல், போடணும். கம்பெனியோ ஓனரோ பணம் கட்டாம இழுத்தா, 174ஆம் பிரிவுல தீர்ப்பாயத்துல மனு போட்டு சர்டிபிகேட் வாங்கினா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரியே வசூல் பண்ணுவாங்க.